பரிச்சயம் என்கிற மயக்கம்

முதல் தடவையாக நுழைகிற வீட்டில், முன்பே வந்திருக்கிறோம் என்று ஒரு கணம் தோன்றுகிறது. காளிதாசனின் துஷ்யந்தன் ஒரு பாட்டைக் கேட்டுக் காரணம் தெரியாமல் கலங்கி, அதைப் போன பிறவிகளின் சிநேகத்தில் கொண்டுபோய் வைக்கிறான். அவன் மறந்தது இந்தப் பிறவியில்தான் என்பது பார்வையாளனுக்குத் தெரியும். நம் கதாசிரியர்களில் பலர் துஷ்யந்தனோடு நின்றுவிட்டார்கள்.

1908-ல் பெர்க்ஸன், பார்க்கிறபோதே நினைவும் உடன் உருவாகிறது, கவனம் தளர்ந்தால் அதுவே கடந்தகாலமாகத் தோற்றம் கொள்கிறது என்றார். அழகான யோசனை. ஆனால் எனக்கு உபயோகப்படுவது ஆன் க்ளியரி 2012-ல் வெளியிட்ட சோதனை. கம்ப்யூட்டரில் உருவாக்கிய இடங்கள். பொருள்கள் வேறு, அவற்றை இட்டிருந்த அமைப்பு மட்டும் முன்பு காட்டிய ஓரிடத்தினுடையது. அந்த முதல் இடம் ஞாபகம் வராதபோதுதான் இந்த உணர்வு அதிகம் எழுந்தது. 2018-ல் இன்னொன்று: அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது தெரிந்ததுபோல் இருந்ததே தவிர, சொன்னது குருட்டு ஊகத்துக்கு மேல் தேறவில்லை.

நம் புதுக்கவிதைகள் பல இத்தகைய அறைகள். நிலாவை எடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டை வைத்தாயிற்று. வைத்த இடம் மாறவில்லை. அந்த இனம்புரியாத பரிச்சயத்தை 'ஆழம்' என்று மதிப்புரைகளில் நானும் எழுதியிருக்கிறேன். அப்படிப் புகழ்ந்த ஒன்றைப் போன மாதம் திரும்பப் படித்தேன். எந்த அறையின் நகல் என்பது சட்டென்று ஞாபகம் வந்தது. பிறகு மிஞ்சியது பஸ் ஸ்டாண்ட் மட்டும்.