கொல்லைப்புற எறிபொறிகள்: நகல் என்ற பெயருக்கு எவை தகுதி?

நாலு மரச்சட்டம், கொஞ்சம் நைலான் கயிறு, ஒரு மூட்டை மணல் இருந்தால் போதும். கோட்டை மதில்களை உடைத்த இடைக்கால எறிபொறி ஒன்றின் சிறிய நகலைச் சனி, ஞாயிறு இரண்டு நாளில் வீட்டிலேயே செய்துவிடலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது வேரூன்றிய பொழுதுபோக்கு. டெலவேர் மாநிலத்தில் 1986இல் பூசணிக்காய் எறியும் போட்டி தொடங்கி, பின்னாளில் எறிபொறிகளுக்கென்றே அதில் தனிப்பிரிவும் வந்தது. இந்தப் பொறிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் கேட்பது, 'எவ்வளவு தூரம் போச்சு?' என்றுதான். ஒரு பொறியை நகல் என்று ஏற்பதா, விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குவதா என்பதை அந்தக் கேள்வி மட்டும் தீர்க்காது. தூரத்துக்கு ஒவ்வொரு வகைப் பொறியிலும் ஒவ்வொரு பொருள்.

முதலில் ட்ரெபுஷே. நீண்ட மரக்கையின் ஒரு முனையில் கனத்த எடைப்பெட்டி, மறுமுனையில் கவண். பெட்டி விழ, கை எழும்பி, கவண் சுழன்று கல்லை விடும். இங்கே சக்தி முழுவதும் எடை விழுவதிலிருந்து வருகிறது. எனவே எல்லா அளவுகளையும் அதே விகிதத்தில் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால், எறியும் தூரமும் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகும். மேசைமேல் வைத்த பொறி 15 மீட்டர் எறிந்தால், அதன் பெரிய அண்ணன் 150 மீட்டர் எறியும் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் மரம் தாங்குமா என்பதைச் சிறிய பொறி சொல்லாது. விசை நீளத்தின் கனமாகக் கூட, மரத்தின் குறுக்குப் பரப்பு வர்க்கமாக மட்டுமே கூடுவதால், பத்து மடங்கு பெரிய கையில் தகைவும் பத்து மடங்கு. கொல்லைப்புறத்தில் ஒருபோதும் முறியாத கை, கோட்டை வாசலில் முறியும். இடைக்காலத் தச்சனின் உண்மையான கவலை அந்த மரக்கையும் அச்சும்தான். வீட்டு நகல் அவனுடைய இயக்கவியலைக் காட்டும். அவன் பட்ட பாட்டைக் காட்டாது.

இரண்டு பெரிய நகல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் ஆன லூயி நெப்போலியன் 1850இல் வேன்சேனில் கட்டுவித்த பொறிக்கு 10.3 மீட்டர் கை, 4,500 கிலோ எதிர்எடை. 12 கிலோ அளவுள்ள பீரங்கிக் குண்டை அது 175 மீட்டர் எறிந்தது. டென்மார்க்கின் நைக்கோபிங் நகரில் 1989இல் எழுந்த பொறி 2 டன் எடையோடு 15 கிலோ குண்டை 160 மீட்டருக்கு மேல் எறிந்தது. பாதிக்கும் குறைவான எடை, கூடுதல் கனமான குண்டு, ஏறத்தாழ அதே தூரம். எடையை ஏற்றிக்கொண்டே போவது திறமையின்மையை மறைக்கும் வழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நைக்கோபிங்கில் கிடைத்த பெரிய பாடம், அடுத்தடுத்து எறிந்த குண்டுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன என்பது. மதிலை உடைக்க வேண்டியவனுக்குத் தேவை அதுதானே? ஒரு முறை 300 மீட்டர் போய் அடுத்த முறை பக்கவாட்டில் விழும் பொறி அவனுக்கு எதற்கு?

அந்தச் சீர்மை எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டுப் பொறியில் கண்ணாரப் பார்க்கலாம். கவணின் ஒரு கயிறு கையோடு கட்டப்பட்டிருக்கும்; மறு கயிற்றின் வளையம், கையின் நுனியிலுள்ள வழுவழுப்பான ஆணியில் சும்மா மாட்டியிருக்கும். கவண் சுழன்று ஒரு கோணத்தை எட்டியதும் வளையம் நழுவும், கல் பறக்கும். ஆணியைக் கொஞ்சம் நிமிர்த்தினால் வளையம் சீக்கிரமே நழுவி, கல் செங்குத்தாக மேலே போய் எய்தவன் தலைக்கே திரும்பும், சில சமயம் பின்னாலும் போகும். சற்று முன்னோக்கி வளைத்தால் நேரம் கழித்து விடுபட்டு எதிரே தரையில் மோதும். ஆணியில் துரு ஏறினாலும் கயிறு நனைந்தாலும் எல்லாம் மாறிவிடும். சுவடிகளின் கோட்டோவியங்களைப் பார்த்து யாரும் இதைக் கற்க முடியாது. ட்ரெபுஷேயை வீட்டில் செய்வதற்கு இந்த ஒரு பாடமே போதுமான நியாயம்.

கிரேக்க, ரோமானிய முறுக்குப் பொறிகளின் கதை வேறு. கயிற்றுத் திரளை முறுக்கி, அதில் செருகிய கைகளால் வில்நாணை இழுக்கும் பொறிகள் இவை. கல் எறியும் பொறிக்கான விதியைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பைசாந்தியத்து ஃபிலோன் எழுதிவைத்தார்: கல்லின் எடையை மினா என்ற கிரேக்க எடையளவில் எடுத்து நூறால் பெருக்கு; கனமூலம் காண்; அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டு. வருவதே கயிறு நுழையும் துளையின் விட்டம், விரற்கடையில். மற்ற உறுப்புகளுக்கெல்லாம் அந்த விட்டமே அளவு. எட்டு மடங்கு கனமான கல்லுக்கு இரண்டு மடங்கு துளை. அலெக்சாந்திரியாவில் மன்னர்களின் ஆதரவோடு துளையைக் கூட்டியும் குறைத்தும் சோதித்துக் கண்டதே இந்த விதி என்றும் அவர் பதிந்திருக்கிறார். இதன் விளைவு வியப்பானது. கயிற்றின் கன அளவும் கல்லின் எடையும் ஒரே விகிதத்தில் வளர்வதால், சரியாகச் செய்த சிறிய பொறியும் பெரிய பொறியும் ஏறத்தாழ ஒரே தூரம் எறிய வேண்டும். ஆக, இங்கே தூரம் என்பது கயிற்றின் தரத்தைக் காட்டும் எண். நைலான் கயிறு போட்டு 200 மீட்டர் எறிந்தால் நமக்குத் தெரியவருவது நைலானின் குணம். ஃபிலோனும், பொறிகளைப் பற்றி எழுதிய மற்றொரு கிரேக்கரான ஹேரோனும் பேசுவது விலங்கின் தசைநாரையும் மயிரையும்.

எர்வின் ஷ்ராம் என்ற ஜெர்மானியப் பீரங்கிப் படை அதிகாரி இதனால்தான் மதிக்கத்தக்கவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய நூல்களின் அளவுகளை ஒட்டிப் பொறிகளைக் கட்டி, குதிரைமயிர்க் கயிறு பூட்டி எய்தார். அம்பு 370 மீட்டர் வரை போனது. அவருடைய பொறிகள் ஸால்பூர்க் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போயின. 1912இல் ஸ்பெயினின் ஆம்பூரியாஸில் உண்மையான பொறியின் இரும்புக் கட்டும் வெண்கல வளையங்களும் தோண்டியெடுக்கப்பட்டபோது, அதையும் மீட்டுருவாக்கினார். நூல், தோண்டியெடுத்த பொருள், கட்டிய பொறி மூன்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்த உழைப்பு அது.

முறுக்குப் பொறியில் இரண்டு கயிற்றுத் திரள்களும் ஒத்த விசையோடு இருக்க வேண்டும். தட்டிப் பார்க்கும்போது இரண்டும் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும் என்கிறார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். பொறியாளனுக்கு இசை தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கே இதைக் காரணமாகச் சொல்கிறார். வீட்டில் கட்டுகிறவர் இதைக் காதால் சோதிக்கலாம். சுருதி பிசகினால் அம்பு ஒரு பக்கம் இழுக்கும்.

நகல் என்ற அளவுகோலில் தேறாதவை இரண்டு. ஒன்று, பொம்மைக் கடைகளும் திரைப்படங்களும் பரப்பிய கரண்டி வடிவ ஓனேகர், அதாவது ஒற்றைக் கை முறுக்குப் பொறி. ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் நாலாம் நூற்றாண்டில் வர்ணிக்கும் ஓனேகரின் கை நுனியில் கவண்தான் தொங்குகிறது. அதே அம்மியானுஸ், 363இல் நடந்த பாரசீகப் படையெடுப்பில் கல்லைக் கவணில் சரியாக வைக்காததால் அது பின்னோக்கிப் பாய்ந்து பொறிக்குப் பின்னால் நின்ற பொறியாளரைக் கொன்றதையும் எழுதியிருக்கிறார். வீட்டில் செய்கிறவர்கள் பொறிக்குப் பின்னால் யாரையும் நிறுத்தக் கூடாது. மற்றொன்று, எடை நேர்க்கோட்டில் விழும்படி கையின் அச்சையே நகரவிடும் மிதவைக்கைப் பொறி. அருமையான பொறியியல்தான், ஆனால் நம் காலத்தின் கண்டுபிடிப்பு. அதை இடைக்காலம் என்று மாணவர்களிடம் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

நல்ல நகலுக்கும் எல்லை உண்டு. ஸ்காட்லாந்தின் அர்க்கார்ட் கோட்டையருகே 1998இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் கட்டிய ட்ரெபுஷேக்கள் புதிதாக எழுப்பிய கல்மதிலை உடைத்தன. அப்படி உடைக்க முடியும் என்பது நிலைநாட்டப்பட்டது. 1304இல் ஸ்டர்லிங் கோட்டை முற்றுகையில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் நிறுத்திய பொறி அதே வடிவில் இருந்தது என்பது நிலைநாட்டப்படவில்லை. பிரெஞ்சுக்காரரான வியார் தெ ஒன்னெகூரின் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரைபட ஏட்டில்கூட ட்ரெபுஷேயின் அடித்தளப் படம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. நிமிர்ந்த தோற்றம் வரைந்த தாள் தொலைந்துவிட்டது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிலின் பொறிகளை வரிசையாகச் சொல்கிறது, கல்லை உமிழும் கவண் உட்பட. அவற்றின் அமைப்பை அது விவரிக்கவில்லை. அதை வைத்து ஒருவர் பொறி கட்டினால் அது அவருடைய கற்பனை, மதுரையின் நகல் ஆகாது.

என் தீர்ப்பு இது. சிறிய ட்ரெபுஷே, விகிதங்களைச் சொல்லிக் கட்டினால், முழு மதிப்போடு தேறும். முறுக்குப் பொறி, மயிரோ தசைநாரோ போட்டால் மட்டும் தேறும். நைலான் போட்டவர் 'நைலான்' என்ற சொல்லைப் பலகையில் எழுதிவைத்துவிட்டு எறியட்டும். இரண்டிலும் எட்டிய உச்ச தூரத்தை விடுத்து, தொடர்ந்து எறிந்த பத்துக் கற்கள் எங்கெங்கே விழுந்தன, பத்தாவது எறிதலுக்குப் பிறகு கயிறும் அச்சும் என்ன நிலையில் இருந்தன என்பதைக் குறித்துவைத்தால், அந்தக் குறிப்பை நான் ஷ்ராமின் பதிவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பேன்.