நெய்தலின் கூதிர்: புத்தளக் கரையின் மழைக்கால மனையும் நமது இலக்கிய நோக்கும்

தமிழிலக்கியத்தில் மழை பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. முல்லையின் கார்காலம், வினைமேற் சென்ற தலைவனின் மீட்சி, வாடைக்கு வருந்தும் தலைவி ஆகியவை மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டுள்ளன. ஆனால் மழை விடாது பெய்யும் நாட்களில் ஓர் எளிய மனையில் அடுப்பு எவ்வாறு எரிந்தது, எரியாதபோது அம்மனையினர் என்ன செய்தனர் என்ற வினா திறனாய்வின் வினாவாக அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. அது சமூகவியலாளரின் வினா என்று ஒதுக்கப்படுவதுமுண்டு. இலக்கியம் எதனைக் கண்டது என்பதைப் போலவே எதனைக் காணாது விட்டது என்பதும் திறனாய்வுக்கு உரியதே. இவ்வடிப்படையில், இலங்கையின் வடமேற்கே உள்ள புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் மழைக்கால இல்வாழ்வை முன்வைத்து நமது இலக்கிய நோக்கினைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியம் காரினை முல்லைக்கும் கூதிரைக் குறிஞ்சிக்கும் உரிய பெரும்பொழுதுகளாக வகுக்கிறது. நெய்தலுக்கு எற்பாடு என்னும் சிறுபொழுது மட்டுமே கூறப்படுகிறது. பெரும்பொழுது எதுவும் தனித்துச் சுட்டப்படவில்லை. ஆறு பெரும்பொழுதுகளும் நெய்தலுக்கு உரியன என்பது பிற்கால இலக்கண நூலாரின் கொள்கை. எல்லாப் பொழுதும் உரியது என்று கூறுவது பரந்த நோக்காகத் தோன்றலாம். ஆயினும், கடற்கரைக்கெனத் தனித்த ஒரு பருவ அனுபவம் இல்லை என்று கருதுவதற்கும் அதுவே இடமளித்துவிடுகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் அடங்கிய கூதிர், கடலோரத்தில் வாழ்பவனுக்கு உழவனின் கூதிரோ ஆயனின் கூதிரோ அன்று. நெய்தலுக்கும் ஒரு கூதிர் உண்டு. அதன் இயல்பு யாது என்பதே இங்கு வினா.

சங்கப் பாடல்கள் அதனை அறவே அறியாதவை அல்ல. குறுந்தொகையின் 165ஆம் பாடலில் பரணர், பெருமழையில் அகப்பட்டு அழியும் உப்பு வண்டியைக் காட்டுகிறார். ஆனால் அக்காட்சி அங்கு உவமையாகவே நிற்கிறது. காதலுற்ற உள்ளம் கரைவதை உணர்த்துவதற்கு உப்பின் அழிவு பயன்பட்டுள்ளது. உவமை பொருத்தமானது, அதன் வலிமையை மறுப்பதற்கில்லை. எனினும் வண்டியோடு கரைந்து போனது ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு என்பதும், அந்த உமணனின் மனையில் அன்றிரவு என்ன நிகழ்ந்திருக்கும் என்பதும் பாடலின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அகமரபு தன் நோக்கத்திற்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. எஞ்சியதைக் கேட்பது வாசகரின் பொறுப்பு.

நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்ப் பருவத்தை விரிவாகப் பாடிய நூல். அதன் முற்பகுதியில் மேட்டு நிலத்துக்கு ஆநிரைகளை ஓட்டிச் சென்று கைகளை நெருப்பிற் காய்ச்சும் கோவலர் வருகின்றனர். பின்னர் செல்வ மனை வருகிறது. அங்கு மழையும் குளிரும் பொருட்களின் பயன்பாட்டை மாற்றிவிடுகின்றன. சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது, விசிறி தூங்குகிறது, குளிர்நீர்க் கலங்கள் ஒதுக்கப்பட்டுத் தூபமூட்டியில் நெருப்பு இடம்பெறுகிறது. இங்கு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. கோடைக்கு ஒரு பொருளும் குளிருக்கு ஒரு பொருளும் உள்ள வீட்டில் மட்டுமே பருவம் மாறும்போது ஒரு பொருள் ஓய்வு பெறமுடியும். ஒரே பானையும் ஒரே பாயும் உள்ள வீட்டில் எந்தப் பொருளுக்கும் ஓய்வில்லை. அவற்றைக் கையாளும் பெண்ணுக்கும் ஓய்வில்லை.

இதற்கு மறுதலையாக அமைவது நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை காட்டும் அடுக்களை. கறையான் அரித்த பழஞ்சுவர், அங்கே பூத்த காளான், குட்டிகளுக்குப் பாலூட்ட இயலாது குரைக்கும் நாய், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி உப்பின்றி வேகவைக்கும் பெண் என்று வறுமையின் நுண்விவரங்கள் அங்கு வரிசைப்படுகின்றன. உண்பதை அயலார் காணக்கூடாது என்று அவள் கதவையும் அடைத்துவிடுகிறாள். இதே நூலின் முற்பகுதியில் உமணரின் உப்பு வண்டிகள் வரிசையாகச் செல்கின்றன. வண்டி நிறைய உப்புச் செல்லும் உலகில் ஒரு வீட்டுக் கீரையில் உப்பில்லை. புலவர் இவ்விரண்டையும் இணைத்துக் கருத்துரைக்கவில்லை. ஆற்றுப்படை இலக்கணப்படி வறுமைக்கான தீர்வு வள்ளலின் கொடையாகவே அமைகிறது. ஆயினும் இரு காட்சிகளையும் ஒரே நூலில் வைத்ததன் மூலம் அவர் நமக்குச் சான்றினைத் தந்துள்ளார். முடிவைப் பெறுவது நமது கடமை.

இனிப் புத்தளக் கரைக்கு வருவோம். கற்பிட்டிக் குடாநாடு, புத்தளக் களப்பு, உப்பளங்கள், முந்தல், உடப்பு எனச் சிலாபம் வரை நீளும் இக்கரையின் பெரும்பகுதி ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த உலர் வலயத்தைச் சார்ந்தது. ஆண்டின் பெருமழை ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்வதால் மேற்குக் கடல் தணிந்து வரும் காலமும் ஏறத்தாழ இதுவே. எனவே, மழைக்காலத்தில் கடல் மூடிவிடுகிறது, அதனால் பட்டினி வருகிறது என்ற எளிய விளக்கம் இங்கு முற்றாகப் பொருந்தாது. தாழமுக்கம் தோன்றும் நாட்களில் கடலுக்குச் செல்ல இயலாது என்பது உண்மை. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு.

இக்கரையின் தொழில்கள் வெயிலை மூலதனமாகக் கொண்டவை. உப்பு விளைவதற்கு வெயில் வேண்டும். கருவாடு காய்வதற்கும் கொப்பரை உலர்வதற்கும் வெயிலே வேண்டும். பனிக்கட்டியோ குளிரறையோ உடையவனுக்கு மீன், பிடிபட்ட மறுநாளும் பொருள்; அவை இல்லாதவனுக்கு அன்று மாலையே அது சுமை. கரைவலையில் மீன் மிகுதியாக விழுந்த நாளிலும் வானம் இருண்டிருந்தால் விலையை நிர்ணயிப்பவன் வியாபாரியே. உப்பளத்தில் மழை பெய்தால் பாத்தி கரைந்துவிடும். குவித்த உப்பைக் கிடுகால் மூடிவிட்டுக் கூலியாட்கள் வீடு திரும்பவேண்டும். ஆகவே வெயில் மறையும் மாதங்களில் கடல் தருவதைக்கூடச் சேமித்து வைக்க இயலாத நிலை ஏற்படுகிறது. இயற்கை தடுப்பது ஒரு பாதி. சேமிப்புக்குரிய சாதனங்கள் எவர் கையில் உள்ளன என்பது மறுபாதி. நெய்தலின் கூதிர் என்பது இதுவே.

இந்நிலையில் சிக்கனம் என்பது மனையில் நிகழும் ஓர் உற்பத்தித் தொழிலாகிறது. காயவைக்க இயலாத மீனை உப்பும் கொறுக்காய்ப்புளியும் இட்டுச் சாடியில் அடைப்பது ஒரு தொழில்நுட்பம். மழைக்கு முன்னரே சிரட்டை, பொச்சுமட்டை, கொக்காரை, பன்னாடை ஆகியவற்றைச் சேர்த்து அடுப்புக்கு மேலே பரணில் உலரவைப்பது ஒரு திட்டமிடல். தீப்பெட்டி நமுத்துவிடும் என்பதால் தணலைச் சாம்பலில் மூடி மறுநாள் வரை காப்பது, உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாக வைப்பது, முருங்கையிலையும் மழைக்கு முளைத்த சாரணையும் கறியாவது, அரிசி குறையும்போது மரவள்ளிக்கிழங்கு முதன்மை உணவாவது, கூரை ஒழுகும் இடமறிந்து பாயை மாற்றுவது ஆகிய அனைத்தும் அறிவும் உழைப்பும் வேண்டும் செயல்கள். இவ்வுழைப்புக்குக் கூலியில்லை, இதனைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கடைக்காரரின் கடன் கொப்பியும் சம்மாட்டியிடம் பெற்ற முற்பணமும் குடும்பத்தை அடுத்த பருவம் வரை இழுத்துச் செல்கின்றன என்றால், அக்கடன் மேலும் பெருகாது தடுப்பது இவ்வடுக்களை உழைப்பேயாகும். குறைந்த கூலியிலும் ஒரு குடும்பம் உயிர்வாழ முடிவதால் கூலி குறைவாகவே நிலைக்கிறது. சிக்கனத்தின் பயன் அதனைக் கடைப்பிடிப்பவருக்கு முழுமையாகச் சேர்வதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும்.

இக்கரையைக் கண்டெழுதியோர் இதனைக் கண்டார்களா? 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் வரவேற்பையும் முத்துக்களையும் பதிவுசெய்தார். காட்டாற்று வெள்ளம் அடித்துவந்து கரையிற் குவித்த கறுவா மரங்களையும் அவர் குறிப்பிடுகிறார். வெள்ளம் கொணரும் மரம் வணிகனுக்குச் சரக்கு. கரையோரப் பெண்ணுக்கு விறகு. பயணியின் கண் முதலாவதையே கண்டது. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை பற்றிய இடவிவர அகராதியையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளூட்டாக்’கையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழிலக்கிய வரலாற்றெழுத்தின் முன்னோடிகளுள் ஒருவரை அளித்தது இக்கரை என்பது பெருமைக்குரியது. ஊரும் குடியும் புலவரும் அவருடைய நூல்களில் இடம்பெற்றனர், அடுக்களை இடம்பெறவில்லை. இது அவரது குறையன்று; அக்காலப் புலமையின் எல்லை. அவ்வெல்லைக்குள்ளேயே நாமும் நிற்பதுதான் குறையாகும்.

தற்கால நாவல் அவ்வெல்லையை ஓரளவு கடந்துள்ளது. மன்னார் வளைகுடாவின் மறுகரையாகிய தூத்துக்குடியின் உப்பளத் தொழிலாளரை ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ (1979) நாவலிற் படைத்தார். அதற்கு முந்திய ‘அலைவாய்க் கரையில்’ மீனவர் வாழ்வைப் பேசிற்று. களத்திற்குச் சென்று மக்களோடு பழகி எழுதும் அவரது முறை, நெய்தலை அழகுக்காட்சி நிலையிலிருந்து உழைப்புக் களமாக மாற்றியது. உப்பளத்தில் பெண் படும் இழிவும் கூலிச் சுரண்டலும் அங்கு மையமாயின. புத்தளக் கரையின் உப்பளத்துக்கும் வாடிக்கும் இவ்வாறான ஒரு நாவல் தேவை. ஆனால் தொழிற்களத்தோடு நின்றுவிடாது, வேலை நின்றுபோகும் மாதங்களையும் அது தன் கதைக்காலமாகக் கொள்ளவேண்டும். வேலைநிறுத்தத்தைப் பாடும் முற்போக்கு இலக்கியம், மழை செய்யும் வேலைநிறுத்தத்தையும் அதனைத் தாங்கும் மனையையும் பாடாமல் விடலாகாது.

இங்கு ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். எளிய இல்வாழ்வில் நிறைவும் அழகும் இல்லையா? மழைநாளில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து அவித்த கிழங்கும் சம்பலும் உண்ணும் குடும்பத்தின் மகிழ்வு பொய்யா? அனைத்தையும் வறுமையாகக் காண்பது அம்மக்களை இழிவுபடுத்துவதாகாதா? இவ்வாதத்தில் உண்மையுண்டு. உவர் ஏறிய கிணற்றில் மழைக்குப்பின் இனிய நீர் ஊறுவதும் அயல்வீட்டுக்கு ஒரு கிண்ணம் கறி செல்வதும் மெய்யான இன்பங்களே. அவற்றை நீக்கிவிட்டு வறட்டுத்தனமாக எழுதப்படும் யதார்த்தம் யதார்த்தமாகாது. ஆனால் எளிமையைத் தெரிந்தெடுத்தவனின் சிக்கனம் வேறு. வேறு வழியில்லாதவளின் சிக்கனம் வேறு. முன்னதற்கு அறநூல்கள் போதும். பின்னதற்குப் பொருளியல் விளக்கம் தேவை. இரண்டையும் ஒன்றாக்கி எளிமை என்று போற்றுவதே நமது நடுத்தர வர்க்க எழுத்தின் பொதுப் பிழை.

இவ்வேறுபாட்டை வரலாறு மிகக் கடுமையாக உணர்த்திய கூதிர் ஒன்றுண்டு. 1990 ஒக்டோபரின் பிற்பகுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆந் திகதி வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. மன்னார்த் தீவினர் பலர் படகுகளில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பது இவ்விடயத்தை நீண்டகாலம் ஆராய்ந்த பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் எஸ். எச். ஹஸ்புல்லாவின் மதிப்பீடு. அவர்களுட் பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினர். மழைக்காலத்தில் வந்தவர்களுக்குப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறக்கப்பட்டன. தாமே சிக்கனத்தில் வாழ்ந்த உள்ளூர்க் குடும்பங்கள் முதல் நாட்களில் அவர்களுக்கும் உணவு சமைத்தன. பின்னர் கிடுகுக் குடிசைகளில் ஆண்டுகள் கழிந்தன. வீடும் கடையும் உடையவராயிருந்தோர் ஒரே வாரத்தில் சிக்கனத்தைக் கட்டாயமாகக் கற்றனர். இதனைத் தமிழிலக்கிய ஆய்வாளர் எளிய வாழ்வு என்ற தலைப்பின்கீழ் அடக்குவாராயின், அது அநீதிக்குத் துணைபோவதாகும். தமிழ் பேசும் மக்களின் பெயரால் தமிழ் பேசும் மக்களுக்கு இழைக்கப்பட்ட இக்கொடுமையைத் தமிழ் ஆராய்ச்சி தன் வரலாற்றின் பகுதியாக ஏற்றல் வேண்டும். அம்மனைகளின் கூதிரும் நெய்தலின் கூதிரே.

இது கடந்துபோன செய்தியுமன்று. 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறுபடகின் இயந்திரமும் மின்னிணைப்பற்ற வீட்டின் விளக்கும் ஒரே எண்ணெயை நம்பியிருந்தன. அவ்வாண்டின் கூதிரில் எதனை முதலில் நிறுத்துவது என்பது கரையோரக் குடும்பங்களின் அன்றாடக் கணக்காயிற்று. அக்கணக்கு அரசிறைப் புள்ளிவிவரங்களில் இடம்பெறாது; இலக்கியத்திலேனும் இடம்பெற வேண்டும்.

சிறுபாணாற்றுப்படைப் பெண் கதவை அடைத்தாள். அவளுடைய நாணத்தை வியந்த உரைமரபு, அடைக்க நேர்ந்த காரணத்தை நெடுகக் கேட்கவில்லை. அக்கதவை வலிந்து திறந்து வறுமையைக் காட்சிப்பொருளாக்குவது இலக்கியத்தின் பணியன்று. கீரைக்கு உப்பில்லாமற் போனது ஏன் என்று கேட்பதும், உப்பு வண்டி எங்கே செல்கிறது என்று தேடுவதும், அவ்வுப்பின்றியும் ஒரு சுற்றத்திற்கு உணவளித்த அவளது உழைப்பை உழைப்பென்று எழுதுவதுமே பணியாகும். உப்பு விளையும் புத்தளக் கரையில் இவ்வினாவை எழுப்புவோர் அப்பாடலைப் புதிதாகக் கற்றவராவர். நெய்தலுக்குரிய பெரும்பொழுதை இலக்கணம் வகுக்காது விட்டது. அதனை எழுதி நிரப்பும் உரிமை அக்கரையின் எழுத்தாளருக்கு, முதன்மையாக அக்கரையின் பெண்களுக்கு, உரியது.