மதிலும் அகழியும்: நம் பயணக் கட்டுரைகள் குறித்துச் சில எண்ணங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், இராணிப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து தோல் வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்து செல்வோர் பலர். ஷாங்காய் நகரில் நடைபெறும் தோல் கண்காட்சிக்குச் சென்று மீள்வோருள் சிலர் எழுதுகோலும் ஏந்துகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அக்கட்டுரைகளுட் பல ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன. விமானம் ஏறியது, ஹலால் உணவு தேடி அலைந்தது, பழைய நகரில் யூ தோட்டத்தைக் கண்டது, அதன் அருகே நகரக் காவல் தெய்வத்தின் கோயிலைக் கண்டது, வியந்தது, பொருள் வாங்கித் திரும்பியது. இவ்வளவோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. வியப்பு இலக்கியத்தின் தொடக்கமாகலாம், அதுவே இலக்கியமாகிவிடாது.

ஓர் இடத்தைக் கண்டு எழுதுவோன் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து. இதனை ஆக்கியவர் யார், எதன் பொருட்டு? இதனை அழித்தது எது, மீட்டவர் யார்? இதன் அண்டையில் வாழ்வோர் யார்? இம்மூன்றுக்கும் விடை தேடாத கட்டுரை, படம் அச்சிட்ட அஞ்சலட்டைக்கு ஒப்பானதே.

யூ தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மிங் அரசகாலத்து அதிகாரியான பான் யுன்துவான் 1559இல் இதனைத் தொடங்கினார். முதிய பெற்றோர் மனம் மகிழ்ந்திருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்; தோட்டத்தின் பெயரும் அம்மகிழ்ச்சியையே குறிக்கிறது. 1577இல் பணி நிறைவெய்தியது. ஆனால், தோட்டம் வளர வளரக் குடும்பச் செல்வம் தேய்ந்தது. பின்னர் வணிகர்கள் அதனை விலைக்கு வாங்கிப் புதுக்கினர். 1842இல் அபினிப் போரின்போது ஆங்கிலப் படை அங்கே தங்கியது. 1853இல் எழுந்த கிளர்ச்சியில் அதன் மண்டபமொன்று கிளர்ச்சியாளரின் தலைமையகமாயிற்று. சிதைந்த தோட்டம் செப்பனிடப்பெற்று 1961இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பெற்றோரைப் பேணும் கடமையில் பிறந்து, வணிகர் கையால் பிழைத்து, படைகளால் நைந்த ஒரு வரலாறு அங்கே இருக்கிறது. தாய் தந்தையர்க்குச் செய்யும் பணிவிடையை மார்க்கக் கடமையாகப் போற்றும் நம்மவர், அதனைக் குறிப்பிடாமல், வளைந்து வளைந்து செல்லும் பாலத்தையும் குளத்து மீன்களையும் மட்டும் வருணித்துச் செல்வது வருந்தத்தக்கது.

கோயிலைப் பற்றியும் ஒரு சொல். நமக்கு அவ்வழிபாட்டில் பங்கில்லை. அதனை அறிந்துகொள்வதில் பழுதுமில்லை. நகரக் காவல் தெய்வத்தைக் குறிக்கும் செங்ஹுவாங் என்னும் சீனச் சொல்லுக்கு ‘மதிலும் அகழியும்’ என்பதே பொருள். ஷாங்காயின் பழைய மதில் 1553இல் கடற்கொள்ளையரைத் தடுக்க எழுப்பப்பட்டது. 1912 முதல் இடிக்கப்பட்டது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் கோயில் வழிபாடும் நின்றது. 1994இல் அது மீண்டும் தாவோ நெறியினர் கைக்கு வந்தது. மதில் மறைந்த பின்னும் மதிலின் பெயர் தாங்கிய தெய்வம் அந்நகரில் எஞ்சியிருக்கிறது.

மூன்றாம் வினாவில்தான் நம் கட்டுரையாளர் பெரிதும் தவறுகின்றனர். தோட்டத்திற்கு மிக அணித்தே ஃபூயூ சாலையில் 1870இல் எழுந்த பள்ளிவாசல் உண்டு. அப்பழைய நகரிலேயே, 1917இல் அமைந்து 1925இல் புதுப்பிக்கப்பட்ட இன்னொரு பள்ளிவாசலும் உண்டு. ‘சிறு பீச்சுப்பழத் தோட்டம்’ என்பது அதன் பெயர். தோட்டத்தின் பெயர் தாங்கிய இறையில்லம்! ஹலால் உணவைத் தேடிய கால்கள் அங்கே சென்றிருந்தால், அந்நாட்டு முஸ்லிம்களோடு ஒரே அணியில் நின்று தொழும் பேறு கிட்டியிருக்கும். கட்டுரைக்கும் உயிர் வந்திருக்கும்.

பதினான்காம் நூற்றாண்டில் மதுரை சுல்தானியத்தையும் கண்டு, சீனத்திற்கும் பயணித்த இப்னு பதூதாவை இங்கு நினைவுகூரலாம். சீன நகரங்களில் முஸ்லிம்களுக்கெனத் தனிப் பகுதிகளும் பள்ளிவாசல்களும் இருந்ததை அவர் எழுதிவைத்தார். அந்நாட்டின் வளத்தைப் போற்றிய அவரே, அங்கே தம் உள்ளம் ஒட்டவில்லை என்பதையும், முஸ்லிம் ஒருவரைச் சந்தித்தால் உறவினரைச் சந்தித்ததுபோல் மகிழ்ந்ததையும் மறைக்கவில்லை. அவர் முடிவோடு நாம் உடன்படலாம், மாறுபடலாம். ஆனால் கண்டதையும் உணர்ந்ததையும் பிரித்துரைக்கும் அந்நேர்மை இன்றைய கட்டுரைகளில் அரிதாகிவிட்டது.

இவ்வினாக்களை நம் மண்ணுக்குத் திருப்பினால் குறை இன்னும் தெளிவாகும். ஷாங்காய் இழந்த மதிலும் அகழியும் வேலூரில் நிலைத்திருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை அது. அதனுள் ஜலகண்டேசுவரர் கோயிலும், ஆர்க்காட்டு நவாபுகள் காலத்துப் பள்ளிவாசலும், 1846இல் கட்டப்பட்ட தேவாலயமும் இருக்கின்றன. திப்பு சுல்தானின் மக்கள் 1799க்குப் பின் சிறைவைக்கப்பட்ட இடமும், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுச்சி கொண்ட இடமும் அதுவே. கண்டியின் கடைசி மன்னர் சிறீ விக்கிரமராசசிங்கர் வேலூரிலேயே 1832இல் மறைந்தார். நெடுங்காலம் மூலவரின்றிக் கிடந்த கோயிலில் 1981இல் மீண்டும் இறையுருவம் நிறுவப்பட்டு வழிபாடு தொடங்கிற்று. பள்ளிவாசலோ தொழுகையின்றி நினைவுச் சின்னமாக நிற்கிறது. இதனைப் பகைமைக் குரலில் எழுதுவது எளிது. எழுதாமலே விடுவது அதனினும் எளிது. அயலாரின் வழிபாடு மீண்டதில் மனநிறைவும், நம் பள்ளிவாசல் குறித்த ஏக்கமும் ஒரே பத்தியில் இடம்பெறும் நிதானமான உரைநடையே நமக்குத் தேவை.

நீரைப் பற்றியும் கேட்டாக வேண்டும். சீனக் குளத்தின் தெளிவைப் புகழ்ந்த பேனா, பாலாற்றை ஏன் தீண்டவில்லை? 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், இவ்வட்டாரம் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றின் மீதும் உச்ச நீதிமன்றம் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. மாசு செய்வோரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்திய நீதித்துறையில் வலுவாக ஊன்றிய தீர்ப்பு அது. நமக்குச் சோறிட்ட தொழிலும் நமக்கு நீர் தந்த ஆறும் எதிரெதிரே நிற்கும் இந்நிலையை, தோலையும் அறிந்து தமிழையும் அறிந்த ஒருவரே உள்ளிருந்து எழுத முடியும். கீழே ஆறுகள் ஓடும் சோலைகளைச் சுவனத்தின் அடையாளமாக ஓதிவரும் சமுதாயம் நாம் என்பதையும் மறக்கலாகாது.

வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரி 1919இலும், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும் எழுந்தன. வள்ளன்மைக்கு இவ்வட்டாரத்தில் என்றும் குறைவிருந்ததில்லை. யூ தோட்டத்தை அன்று மீட்டவர்களும் வணிகர்களே. நம் வணிகப் பெருமக்கள் தம் கொடையில் ஒரு சிறு பகுதியை வேலூர்க் கோட்டை, பாலாறு, தோல் தொழில் ஆகியவற்றின் வரலாற்றைத் தமிழில் எழுதுவிப்பதற்கு ஒதுக்குவார்களாயின், அடுத்த தலைமுறைப் பயணிக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும். தன் ஊரின் அகழியைச் சுற்றி வந்து வினாத் தொடுத்தவன் எழுதும் ஷாங்காய்க் கட்டுரை, நிச்சயம் வேறு விதமாக இருக்கும்.