பிறவிக்குணமும் பிறர் இட்ட பெயரும்: ‘கூள மாதாரி’ நாவலை முன்வைத்து

சில ஆண்டுகளுக்கு முன், கோயமுத்தூருக்குக் கிழக்கேயுள்ள ஒரு சிற்றூர்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. “அந்தக் காலனிப் பையன் வரட்டும்” என்று அழைக்கப்பட்டு எழுந்த சிறுவன் ஒருவன், மனப்பாடம் செய்து வந்திருந்த வசனத்தில் ஒரு சொல்லும் வராமல் நின்றான். அன்பும் அனுபவமும் உடைய மூப்பர் ஒருவர் என்னிடம், “அவனைக் குத்தஞ்சொல்லி என்னங்க ஐயா? அவிய ரத்தம் அப்படிங்க” என்றார். சுற்றியிருந்தவர்களில் ஒருவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. இரக்கத்தோடு சொல்லப்பட்டமையால் அச்சொல்லின் கொடுமை எங்களுக்குப் புலப்படவில்லை. பின்னொரு நாள் பெருமாள்முருகனின் ‘கூள மாதாரி’ நாவலை வாசித்தபோதுதான் அன்றைய மௌனம் என்னை உறுத்தத் தொடங்கியது. மனிதன் உருவாவதில் பிறப்பின் பங்கு யாது, சூழலின் பங்கு யாது, பண்பாட்டின் பங்கு யாது என்னும் பழைய வினாவை, கொங்கு மண்ணிலிருந்தே எழுப்பும் நூல் இது. திருப்பணியாளர்கள் இதனைக் கருத்தூன்றிக் கற்றல் நலம்.

தலைப்பே கூறும் செய்தி

2000ஆம் ஆண்டு வெளிவந்த இந்நாவலின் களம், ஆசிரியர் பிறந்து வளர்ந்த திருச்செங்கோட்டு வட்டாரம். பண்ணயக்காரர் ஒருவரிடம் ஆண்டுக்கூலிக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன் கூளையன் கதைத்தலைவன். பண்ணயக்காரரின் மகன் செல்வன் ஏறக்குறைய அவனுக்கு ஒத்த வயதினன். மேய்ச்சல் காட்டில் தோழன், வீட்டு வாசலில் எசமான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்தியாவில் 1976இல் இயற்றப்பட்டது. சட்டத்தின் கண்ணுக்குத் தப்பி வாழும் உறவுமுறைகளை இலக்கியமே நமக்குக் காட்டித் தருகிறது.

தலைப்பின் இரண்டு சொற்களையும் உற்றுநோக்குவோம். ‘கூளை’ என்பது குட்டையான உடலைக் குறிக்கும் சொல். ‘மாதாரி’ என்பது கொங்கு நாட்டில் அச்சமூகத்தார்மேல் வழங்கும் சாதிப்பெயர். முன்னது உடல் தந்தது. பின்னது சமுதாயம் தந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் அந்தப் பிள்ளைக்கென்று சொந்தமாக ஒரு பெயர் இல்லை. அவனுடைய தோழர்களின் நிலையும் இதுவே. நெடும்பன், வவுறி, செவுடி, மொண்டி என உயரமும் வயிறும் செவியும் காலுமே அவர்களுக்குப் பெயர்களாகின்றன. ஆசிரியர் இதற்கு விளக்கவுரை எதுவும் எழுதவில்லை. பெயர்களைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, அழைப்பவரின் பார்வையை நமக்குள் ஏற்றிவிடுகிறார். சில பக்கங்களுக்குப் பின் நாமும் அப்படியே அவர்களை அழைக்கத் தொடங்கிவிடுகிறோம். இந்நாவலின் வலிமை இங்கேதான் உள்ளது எனலாம்.

உடல் தந்தது என்றோம். அதுவும் முற்றிலும் உண்மையன்று. உயரத்தைப்போல மரபணுக்களுக்கு மிகுதியாகக் கட்டுப்பட்ட பண்புகள் சிலவே. ஆயினும் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் நூறாண்டுக் காலத்தில் சுமார் 20 செ.மீ. கூடியுள்ளது. அந்தக் குறுகிய காலத்தில் ஓர் இனத்தின் மரபணுக்கள் அவ்வளவு மாறிவிடமாட்டா. உணவும் உடல்நலமுமே மாறின. அப்படியானால், ‘கூளையன்’ என்னும் பெயரில் பெற்றோர் வழி வந்த பங்கு எவ்வளவு, பண்ணயத்தில் ஊற்றப்பட்ட கூழின் பங்கு எவ்வளவு? பசி செய்த வேலையைப் பிறப்பின்மேல் சுமத்துவது எத்தனை எளிதாகிவிடுகிறது!

இரண்டு நிலங்கள்

இதற்காகப் பிறப்பின் பங்கை மறுத்துவிடுவதும் தவறு. உலகெங்கும் ஐம்பது ஆண்டுகளாக நடைபெற்ற இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வொன்று, மனிதப் பண்புகளில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் சராசரியாக 49 விழுக்காடு மரபுவழிப்பட்டது என மதிப்பிட்டது. குழந்தையை எழுதாத பலகை என்று கருதியோரின் கூற்று நிலைக்கவில்லை. ஆனால் இந்த எண்ணை எடுத்துக்கொண்டு சாதிகளை ஒப்பிட முனைவோர் பெரும்பிழை செய்கின்றனர். அப்பிழையை அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லெவாண்டின் 1970இல் ஓர் உவமையால் விளக்கினார். அதனை நம் நாட்டு நிலத்தில் வைத்துச் சொல்லலாம்.

ஒரே மூட்டையிலிருந்து இரண்டு கை சோளவிதை எடுத்து, ஒன்றைக் கிணற்றுப் பாசனமுள்ள தோட்டத்திலும் மற்றொன்றை மேட்டாங்காட்டிலும் விதைக்கிறோம். தோட்டத்துக்குள் எல்லாப் பயிருக்கும் ஒரே நீர், ஒரே எரு. ஆகவே அங்கே ஒரு தட்டு உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் இருப்பதற்கு விதையே காரணம். மேட்டாங்காட்டுக்குள்ளும் அவ்வாறே. ஆயின் தோட்டத்துப் பயிருக்கும் மேட்டாங்காட்டுப் பயிருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டுக்கு விதை காரணமன்று, நிலமே காரணம்.

‘கூள மாதாரி’ இவ்வுண்மையைக் கதையாகவே காட்டுகிறது. மேய்ச்சல் காட்டுப் பிள்ளைகள் அனைவரும் ஏறத்தாழ ஒரே வறுமையில் வாழ்பவர்கள். ஆயினும் ஒருவரைப்போல் மற்றவர் இல்லை. ஆசிரியர் அவர்களைத் தேவதூதர்களாகவும் ஆக்கவில்லை. பொய் சொல்கிறார்கள், களவாடுகிறார்கள், சண்டையிட்டுக் கூடுகிறார்கள். தனிமனித இயல்பு மதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கூளையனுக்கும் செல்வனுக்கும் இடையே விழும் பள்ளத்தைப் பார்க்குமிடத்து, அது விதையால் வந்ததன்று என்பதை எந்த வாசகரும் ஒப்புக்கொள்வர்.

அழைக்கும் குரல்

சூழல் என்பது உணவும் உறைவிடமும் மட்டுமன்று. ஒருவரை அழைக்கும் குரலும் சூழலே. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குத் தாளில் வரைந்த புதிர்வழிகளைத் தந்து சோதித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். சாதி அறிவிக்கப்படாதபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் ஏனையோருக்கு இணையாகவே புதிர்களை விடுவித்தனர். பெயரோடு சாதியையும் எல்லார் முன்னிலையிலும் அறிவித்தபோது, அவர்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஓர் அறிவிப்பினால் மரபணு மாறுவதில்லை. மாறியது, தன்னை எவ்வாறு நடத்துவார்கள் என்று பிள்ளை கொண்ட எதிர்பார்ப்பே.

இதை வாசித்தபோது அந்த ஓய்வுநாள் பள்ளி என் கண்முன் வந்தது. “காலனிப் பையன்” என்று அழைத்தவர்கள் நாங்கள். வசனம் மறந்துபோனதற்கு ரத்தத்தின்மேல் பழி போட்டவர்களும் நாங்களே.

செல்வனையும் மறத்தலாகாது. அவன் எசமானாகப் பிறக்கவில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக எசமானாக்கப்படுகிறான். பண்பாடு ஒடுக்கப்பட்டவனை மட்டுமன்றி ஒடுக்குபவனையும் வளைக்கிறது. நாவலின் துயரமான முடிவை இங்கே வெளியிட வேண்டுவதில்லை. அது தனிப்பட்ட இருவரின் குற்றமாகத் தோன்றாமல், நெடுநாள் விளைந்த பயிரின் அறுவடையாகத் தோன்றுவது ஆசிரியரின் வெற்றியாகும்.

ஒரு குறை

ஒரு குறையையும் சுட்டவேண்டும். கதை பெரும்பாலும் மேய்ச்சல் காட்டிலேயே நிகழ்வதால், அப்பிள்ளைகளின் தாய்வீடும், அங்கே வழங்கும் கதைகளும், பறையும், கொடுக்கல் வாங்கல்களும், அறவுணர்வும் ஓரமாகவே வருகின்றன. பண்பாடு அவர்கள்மேல் விழுந்த சுமையாகத் தெரியும் அளவுக்கு, அவர்களைத் தாங்கிய வேராகத் தெரியவில்லை. ஆயினும் விளையாட்டுக் காட்சிகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. விளையாட்டில் குழந்தை தன் அன்றாட நிலைக்கு மேலே எழுகிறது என்பது ருஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் கருத்து. ஆடுகள் மேயும் அந்தச் சில நாழிகைகளில் கூளையன் அடிமையாக இல்லை. அவன் வளர்ந்தது அங்கேதான்.

ஜென்மபாவமும் ஜென்மக்குணமும்

நமது பிரசங்க மேடைக்கு இந்நாவல் விடுக்கும் அறைகூவல் யாது? ஜென்மபாவம் என்னும் கோட்பாட்டைப் பலர் ஜென்மக்குணம் என்னும் நாட்டு நம்பிக்கையோடு குழப்பிக்கொள்கின்றனர். திருச்சபை போதித்த ஜென்மபாவம் ஆதாமின் மக்கள் அனைவருக்கும் பொதுவானது. ஆயரும் மூப்பரும் அதற்கு விலக்கல்லர். எல்லாருக்கும் பொதுவென்று கூறப்பட்டதைச் சிலருடைய ரத்தத்துக்கு மட்டும் உரியதாக்குவது கோட்பாட்டை விளக்குவதாகாது, அதனைப் புரட்டுவதாகும்.

பிதாக்கள் புளித்த திராட்சை தின்றதைப் பற்றி இஸ்ரவேலில் வழங்கிய பழமொழியை இனி ஒருவரும் சொல்லலாகாது என எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி தடுக்கிறார். பிறவிக்குருடனைக் கண்டு, பாவம் இவனுடையதா, பெற்றோருடையதா என்று சீஷர்கள் காரணம் தேடியபோது (யோவான் 9), ஆண்டவர் இருபக்கமும் சாயாமல் அவனைத் தொட்டு அனுப்பினார். அதற்குப் பின்னும் அண்டை அயலார் அவனைப் பழைய பிச்சைக்காரனாகவே அடையாளம் காண முயல்வதை அவ்வதிகாரம் மறவாமல் குறிக்கிறது.

சூழலை ஊழாக்குவதும் ஆபத்தே. ரத்தத்தின் இடத்தில் காலனியை வைத்துவிட்டால், பழமொழி மாறுமேயன்றித் தீர்ப்பு மாறாது. பிறப்பும் சூழலும் பண்பாடும் ஒன்றோடொன்று பின்னி ஒரு மனிதரை உருவாக்குகின்றன. அம்மூன்றில், விதையை மாற்றுதல் நம் கையில் இல்லை. நிலத்தைப் பண்படுத்துதல் நம் கையில் உண்டு.

ஞானஸ்நான வேளையில் ஆயர் பிள்ளையைக் கையில் ஏந்திப் பெயரைக் கேட்கிறார். அங்கே சொல்லப்படுவது உடலின் குறையுமன்று, சாதியின் முத்திரையுமன்று. அந்தப் பெயரால் அப்பிள்ளையை ஓய்வுநாள் பள்ளியிலும் தெருவிலும் அழைக்கிறோமா என்பதே நம் முன் நிற்கும் வினா. அன்று அந்தச் சிறுவனுடைய பெயரை நான் கேட்கவில்லை. இன்றும் எனக்கு அது தெரியாது.