தாம்பரத்துக்கு வந்த பாதி கீர்க்கேகார்ட்

1846-இல் கோபன்ஹேகனில் வெளியான ஒரு தடித்த நூலில் இரண்டு பேர் பிரார்த்தனை செய்கிறார்கள். ஒருவன் கிறிஸ்தவ நாட்டில் பிறந்தவன். கடவுளைப் பற்றிச் சரியான உபதேசம் பெற்றவன். முறைப்படி ஆலயத்துக்குப் போய் மனம் ஒட்டாமல் ஜெபிக்கிறான். மற்றவன் விக்கிரக வழிபாடு நிலவும் நாட்டில் பிறந்தவன். கண் விக்கிரகத்தின்மேல் இருந்தாலும் உயிரையே கொடுத்து வேண்டுகிறான். எவனிடம் உண்மை அதிகம் என்று நூல் கேட்கிறது. இரண்டாமவனே உண்மையில் கடவுளிடம் வேண்டுகிறான், முதலாமவன் வணங்குவதுதான் விக்கிரகம் என்று பதிலும் சொல்கிறது. நூலின் பெயர் ‘முடிவுரையாக ஓர் அறிவியல்சாராப் பின்குறிப்பு’. அட்டையில் யோஹானஸ் கிளிமாகஸ் என்ற புனைபெயர் இருந்தது. பதிப்பித்தவர் என்ற இடத்தில் சோரன் கீர்க்கேகார்ட் தன் சொந்தப் பெயரைப் போட்டிருந்தார்.

இந்தப் பக்கம் 1938-இல் தாம்பரத்தில் வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு வழி இல்லை. ‘பின்குறிப்பு’ ஆங்கிலத்துக்கு வந்ததே 1941-இல்தான். வால்டர் லௌரி எழுதிய பெரிய வாழ்க்கை வரலாறும் அலெக்சாண்டர் ட்ரூ தொகுத்த நாட்குறிப்புகளும் அந்த 1938-இல்தான் அச்சேறின. ஆகவே, அவ்வாண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை சென்னை கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டுக்கு கீர்க்கேகார்ட் நேராக வரவில்லை, சுற்றி வந்தார். வந்ததும் பாதி ஆள்தான் என்பது என் எண்ணம்.

சீனாவின் ஹாங்சோவில் நடக்க வேண்டிய கூட்டம் அது. ஜப்பானியப் படையெடுப்பால் அங்கே நடத்த முடியவில்லை. கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு வந்தது 1937-இல். அந்தப் புதுக் கட்டடங்களில் ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து சுமார் 470 பேர் வந்து கூடினார்கள். போரில் எதிரெதிராக நின்ற சீனர்களும் ஜப்பானியர்களும் ஒரே வளாகத்தில் ஜெபித்தார்கள். தலைமை ஜான் மாட். எல்லோர் கையிலும் இருந்த புத்தகம், டச்சுக்காரரான ஹெண்ட்ரிக் க்ரேமர் மாநாட்டுக்கென்றே எழுதிய ‘கிறிஸ்தவமல்லாத உலகில் கிறிஸ்தவச் செய்தி’.

க்ரேமரின் வாதம் கடுமையானது. கிறிஸ்துவில் கடவுள் தம்மை வெளிப்படுத்தியதற்கும் மனிதர்கள் கட்டியெழுப்பிய சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி கிடையாது, முறிவுதான் உண்டு என்றார். இந்து சமயத்தின் நிறைவே கிறிஸ்தவம் என்று சமாதானமாகப் பேசிவந்த மிஷனரிகளுக்கு இது பேரிடியாக விழுந்தது. இந்த எண்ணத்தின் பின்னால் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் இருந்தார், க்ரேமர் அவரோடு சில இடங்களில் முரண்பட்டாலும். பார்த்துக்குப் பின்னால் கீர்க்கேகார்ட். ரோமர் நிருபத்துக்கு பார்த் எழுதிய விளக்கவுரையின் 1922 பதிப்பு முன்னுரை இதை ஒளிக்கவில்லை. தன்னிடம் ஏதாவது ஒரு முறைமை இருக்கிறதென்றால், அது காலத்துக்கும் நித்தியத்துக்கும் இடையே கீர்க்கேகார்ட் கண்ட எல்லையற்ற வேறுபாட்டை மறவாதிருப்பது மட்டுமே என்று அதில் எழுதினார். அந்த இடைவெளிதான் ஜெர்மன் வழியாகவும் டச்சு வழியாகவும் தாம்பரம் வந்து இறங்கியது.

யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட் போதகர் டி. டி. நைல்ஸ் பின்னாளில் ஒரு சந்திப்பை நினைவுகூர்ந்தார். மற்றச் சமயங்கள் அவிசுவாசமே என்று பார்த் சொல்ல, நீங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் கேட்டார். ஒருவரையும் இல்லை என்றார் பார்த். பிறகு எப்படித் தெரியும் என்றதற்கு, அனுபவத்துக்கு முன்பே தெரியும் என்ற பொருளில் பதில் வந்தது. தாம்பரத்தில் கலந்துகொண்ட இளையவர்களில் ஒருவர் நைல்ஸ்.

கீர்க்கேகார்ட் அந்த இடைவெளியைத் தோண்டியது வேறு யாரையோ வெளியே நிறுத்துவதற்காக அல்ல. 1813 மே 5-இல் பிறந்த அவருடைய டென்மார்க்கில் கிறிஸ்தவனாக இருப்பது பிறப்புப் பதிவேட்டு விஷயம். அரசே திருச்சபையை நடத்தியது, ஆயருக்குச் சம்பளம் கொடுத்தது. கம்பளி வியாபாரத்தில் செல்வந்தரான அவருடைய தந்தை மிக்கேல், சிறுவயதில் யூட்லாந்துப் பொட்டல்வெளியில் ஆடு மேய்க்கையில் குளிரிலும் பசியிலும் கடவுளைச் சபித்தவர். அந்தக் குற்றவுணர்ச்சி வீடு முழுக்கப் படிந்தது. ஏழு பிள்ளைகளில் ஐந்து பேரை அவர் தம் வாழ்நாளிலேயே இழந்தார். 1840-இல் ரெகினே ஓல்சனோடு மண நிச்சயம் செய்துகொண்ட மகன் மறு ஆண்டே மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார். பிறகு எழுத்து வெள்ளம் பெருகியது. 1843 பிப்ரவரியில் ‘இது அல்லது அது’, அக்டோபரில் ஆபிரகாமின் பலியைப் பற்றிய ‘பயமும் நடுக்கமும்’, 1844-இல் ‘தத்துவத் துணுக்குகள்’, 1849-இல் விரக்தியை ஆராயும் ‘மரணத்துக்கு ஏதுவான வியாதி’.

கடைசி வருடம் அவர் வெளிப்படையாகப் போரில் இறங்கினார். 1854-இல் பேராயர் மின்ஸ்டர் இறந்தபோது, அவரைச் சத்தியத்தின் சாட்சிகளில் ஒருவர் என்று இறையியலாளர் மார்ட்டென்சன் புகழ்ந்தார். வசதியோடு வாழ்ந்து, பட்டமும் பதக்கமும் பெற்று, பாடுபடாமல் போனவர் எப்படிச் சாட்சியாவார் என்று கீர்க்கேகார்ட் பத்திரிகையில் கேட்டார். 1855-இல் ‘கணம்’ என்ற துண்டுப் பத்திரிகையைத் தாமே நடத்தி ஒன்பது இதழ் வெளியிட்டார். பத்தாவது எழுதி முடிந்திருந்தபோது தெருவில் விழுந்தார். நவம்பர் 11-இல் மருத்துவமனையில் இறந்தார். அரசு ஊழியரான குருவின் கையால் திருவிருந்து வேண்டாம், சாதாரண விசுவாசி ஒருவர் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று மறுத்துவிட்டார்.

திருச்சபையின் உள்ளே நின்று இப்படிக் கேட்டவரின் மிச்சப் பாதியைத் தாம்பரத்தில் பேசியவர்கள், அவரை மேற்கோள் காட்டாமலே பேசினார்கள். முதலில் ஏ. ஜி. ஹாக். 1928 முதல் 1938 வரை கல்லூரி முதல்வர். எடின்பரோவில் படிக்கும்போது விசுவாசம் ஆட்டங்கண்டு குருப்பட்டப் படிப்பைக் கைவிட்டவர். மெல்ல மீண்டு 1903-இல் தத்துவ ஆசிரியராகச் சென்னை வந்தார். அவருடைய மாணவர்களில் ஒருவர் ராதாகிருஷ்ணன். வேதாந்தத்துக்கு அறநெறி கிடையாது என்ற மிஷனரிக் குற்றச்சாட்டுக்குப் பதிலாக அவர் எழுதிய ஆய்வேட்டை ஹாக் மனமாரப் பாராட்டினார். விசுவாசம் வேறு, நம்பிக்கைக் கோட்பாடுகள் வேறு என்பது ஹாக்கின் வாழ்நாள் கருத்து. கோட்பாடுகள் மோதலாம். ஆனால் ஒரு மனிதர் தம்மையே கடவுளிடம் ஒப்படைக்கும் செயல் கிறிஸ்தவத்துக்கு வெளியேயும் மெய்யாக நிகழ்கிறது, கடவுளும் அதற்குப் பதிலளிக்கிறார் என்று க்ரேமருக்கு மறுப்பு எழுதினார். சொந்த விசுவாசம் உடைந்து மீண்ட ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். ‘பின்குறிப்பின்’ இரண்டாவது மனிதனை ஹாக் தம் வகுப்பறையிலேயே கண்டிருந்தார்.

இன்னும் கூர்மையாகப் பேசியவர்கள் மாநாட்டை ஒட்டி ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மீள்சிந்தித்தல்’ என்ற ஆங்கில நூலைச் சென்னையில் வெளியிட்ட குழுவினர். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா, வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவரும் பின்னாளில் சென்னை மேயருமான வி. சக்கரை இருவரும் உறவினர்கள், வில்லியம் மில்லர் முதல்வராக இருந்த காலத்தில் அதே கல்லூரியில் படித்தவர்கள். இருவருமே குருமார் அல்லர். கிறிஸ்து ஒரு புதுப் படைப்பு, புதுச் சக்தி. அவரை மேற்கத்தியத் திருச்சபை அமைப்புக்குள்ளும் கோட்பாட்டுக்குள்ளும் அடைத்து இந்தியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றார் செஞ்சையா. க்ரேமர் இந்து சமயத்தின்மேல் பாய்ச்சிய வெளிச்சத்தைத் திருச்சபையின்மேல் திருப்பியவர் அவர்தான். ‘கணம்’ இதழ்களின் ஆவேசம் அவருடைய கட்டுரைகளில் தெரிகிறது. அதே நூலில் எழுதிய எஸ். ஜேசுதாசன் அதை வாழ்ந்து காட்டினார். 1921-இல் ஸ்காட்லாந்து மருத்துவரான ஃபாரெஸ்டர் பேட்டனோடு சேர்ந்து திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய மருத்துவர் அவர்.

இவர்கள் பக்கமே கீர்க்கேகார்ட் முழுதாக நின்றார் என்று சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். ‘தத்துவத் துணுக்குகள்’ சொல்வது வேறு. உண்மை ஏற்கனவே மனிதனுக்குள் இருக்கிறது, ஆசிரியர் நினைவூட்டினால் போதும் என்பது சாக்ரடீஸ் வழி. கிறிஸ்தவத்தில் உண்மையும் வெளியிலிருந்து வருகிறது, அதைப் பெறும் தகுதியும் வெளியிலிருந்து வருகிறது, நித்தியர் ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஓர் ஏழை ஊழியனின் உருவில் வந்தார் என்ற முரணை அறிவால் தாண்ட முடியாது என்கிறார். வேதாந்தத்தை அறிந்த வாசகருக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். அவதாரம் என்ற சொல்லை வைத்து ஒரு முழு நூல் எழுதிய சக்கரை இங்கேதான் கீர்க்கேகார்டோடு மோதியிருக்க வேண்டும். க்ரேமர் சொன்ன முறிவு மெய்யாகவே கீர்க்கேகார்டிடம் உண்டு. ஆனால் அந்த முறிவு அவரிடம் ஒவ்வொரு தனிமனிதனுக்குள்ளும், முதலில் ஞானஸ்நானம் பெற்றவனுக்குள், ஓடுகிறது. சமயங்களுக்கு இடையே போட்ட எல்லைக்கோடாக அதை மாற்றியபோது பாதி தொலைந்தது.

தமிழ் இலக்கியத்துக்கு அவர் வேறொரு வாசல் வழியாக வந்தார், அங்கேயும் பாதியாகத்தான். 1960, 70-களின் சிற்றிதழ்ச் சூழலில் சார்த்தரும் காம்யுவும் காஃப்காவும் பேசப்பட்டார்கள். 1975-இல் க்ரியா வெளியிட்ட எஸ். வி. ராஜதுரையின் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்’ இந்தச் சிந்தனை மரபை ஒழுங்காக அறிமுகம் செய்தது. பதற்றம், தேர்வு, தனிமை எல்லாம் தமிழ் வாசகனின் சொற்களாயின. கீர்க்கேகார்ட் அந்த மரபின் முன்னோடியாக மதிக்கப்பட்டார். ஆனால் கடவுள்முன் நிற்கும் மனிதன் என்ற அவருடைய மையம் அந்த வாசிப்பில் பின்னுக்குப் போனது. அண்ணாசாலைப் பக்கத்து இலக்கியக்காரர்களும் சேலையூர்ப் பக்கத்து இறையியலாளர்களும் ஒருவரை ஒருவர் வாசித்திருந்தால் இரண்டு பாதியும் பொருந்தியிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

1988 ஜனவரியில், ஐம்பதாண்டு நிறைவை ஒட்டி, தாம்பரத்தில் மீண்டும் கூடினார்கள். சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின், வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் போன்றோர் வந்தார்கள். யாழ்ப்பாணத்தவரான வெஸ்லி அரியராஜா ஒருங்கிணைப்பில் முன்னின்றார். ஸ்மித் விசுவாசத்தையும் சமய மரபையும் பிரித்துக் காட்டியவர், அந்த வகையில் ஹாக்கின் வாரிசு. நியூபிகின் க்ரேமரின் கவலையை விடாமல் காத்தார். பேச்சு மறுபடியும் சமயங்களுக்கு இடையிலான உறவைச் சுற்றியே நடந்தது.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் யாரிடமாவது பேசினால், நாங்கள் நாலாம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்கலாம். கீர்க்கேகார்ட் உட்கார்ந்து பேச விரும்பும் ஆள் இவர்தான். விசுவாசம் பாட்டன் சொத்தாகக் கைமாறுவதில்லை, ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும் என்று ‘பயமும் நடுக்கமும்’ பேசுகிறது. இங்கே பிறப்பு சமயத்தை மட்டும் தருவதில்லை, சாதியையும் தருகிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரித்து நிறுத்திய சுவர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் கீர்க்கேகார்டைத் தமிழில் வாசிக்கத் தொடங்குபவரிடம் ‘பயமும் நடுக்கமும்’ பக்கம் போகுமுன் 1847-இல் அவர் சொந்தப் பெயரில் எழுதிய ‘அன்பின் செயல்கள்’ நூலைக் கொடுப்பேன். நண்பனையும் காதலியையும் நாம் தேர்ந்தெடுக்கிறோம், அயலானைத் தேர்ந்தெடுக்க முடியாது, கதவைத் திறந்ததும் முதலில் எதிர்ப்படுபவர் யாரோ அவரே அயலான் என்று அதில் விளக்குகிறார். இறந்தவரை நினைப்பதைப் பற்றியும் ஓர் அதிகாரம் உண்டு. கல்லறையில் பணக்காரருக்கும் ஏழைக்கும் உள்ள வித்தியாசம் சற்றே கூடுதலான நிலம்தான் என்று அவர் அங்கே எழுதினார். சாதிக்கென்று ஒரு சுவர் எழும்பிய கல்லறையை அவர் கண்டதில்லை. அந்த அதிகாரத்தை மேலப்புதூரை வைத்து வாசிக்கும் வேலை தமிழ் வாசகருடையது.