மண்டபத்தின் திறப்பு யாரிடம்?

மண்டபம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. ஒரு முனையில் நான்கடி உயர்ந்த மேடை. அதன் முகப்பிலே திரைச்சீலை. சுவரில் மறைந்த பெரியோரின் மாலையிட்ட படங்கள். எதிரே வரிசை வரிசையாகக் கதிரைகள். முதல் வரிசையிற் பிரமுகர்கள், கடைசி வரிசையில் மாணவர்கள். மேடையில் இருப்பவர் பேசுவர். கீழே இருப்பவர் கேட்பர். இவ்வொழுங்கை இயற்கையின் நியதிபோல நாம் ஏற்றுக்கொண்டு விட்டோம். மனிதர்க்கிடையே நிலவும் ஓர் உறவு செங்கல்லாலும் சீமெந்தாலும் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது நம் நினைவுக்கு வருவதேயில்லை.

பல்கலைக்கழக மாணவர்க்கெனக் கொழும்பில் ஒரு பொதுமண்டபம் அமைப்பதாயின், பல தேவைகளுக்கும் வளைந்து கொடுக்கும் வகையில் அதனை எவ்வாறு அமைப்பது? இக்கேள்வியை இங்கு ஆராய விழைகிறோம். கட்டிட விவகாரத்துக்கு இலக்கிய ஏட்டில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நாடகமும் கவியரங்கும் நூல் விமர்சனமும் வெறுவெளியில் நிகழ்வன அல்ல. அவை நிகழும் இடம் அவற்றின் உருவத்தை மட்டுமன்றி உள்ளடக்கத்தையும் தொடுகின்றது. ஆகவே மண்டபத்தை விமர்சிப்பதும் கலை விமர்சனத்தின் ஒரு பகுதியே.

கொழும்புத் தமிழரிடையே பொதுவிடம் வேண்டுமென்ற உணர்வு புதிதன்று. விவேகானந்த சபை 1902இல் தோன்றிக் கொட்டாஞ்சேனைப் பகுதியிலே நிலைகொண்டது. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கப்பெற்றது. இன்று வெள்ளவத்தையில் நூலகமும் மண்டபங்களும் கொண்டு விளங்குகின்றது. அதே 1942ஆம் ஆண்டிலேதான் இலங்கைப் பல்கலைக்கழகமும் உதயமாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. மாணவர் உலகும் தமிழ்ப் பொதுவாழ்வும் ஒரே காலத்திற் புதுவடிவம் பெற்றன. எனினும் மாணவர்கள் தாமே கூடித் தாமே நடத்தும் ஒரு மண்டபம் என்ற எண்ணம் அவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ தவறிப்போயிற்று.

அதன் தேவையை உணர வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடுகளிலும் அறையெடுத்துத் தங்கும் மாணவனை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்தவன் அவன். இரு கட்டில்களுக்கிடையே ஒருவர் நடக்குமளவே இடம். பரீட்சைக் காலத்தில் ஐவர் கூடிப் படிக்க இடமில்லை. நாடகம் பழக இடமில்லை. ஒரு நூலைப் பற்றி உரத்து வாதிட்டால் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். மாணவியின் நிலையோ இதனினும் இறுக்கமானது. அவர்களுக்கு வேண்டியது ஆண்டுக்கொரு கலைவிழா நடத்தும் அலங்கார அரங்கமன்று; நாள்தோறும் காலையிற் படிப்பிடமாகவும், மாலையிற் கூட்டமாகவும், இரவில் ஒத்திகைக் களமாகவும் மாறவல்ல ஒரு கூரை.

இடம் கலையை எவ்வாறு மாற்றுகின்றது என்பதற்கு நம் பல்கலைக்கழக வரலாற்றிலேயே சிறந்த உதாரணம் உண்டு. மட்டக்களப்புக் கிராமங்களிற் கூத்து வட்டக்களரியில் ஆடப்பட்டது. நடுவே அண்ணாவியாரும் மத்தளமும். அவரைச் சுற்றி ஆடுவோர். அவர்களைச் சுற்றி நாற்புறமும் ஊர். விடியும்வரை ஆட்டம் நிகழும். பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்தை எடுத்துச் செப்பனிட்டு, மாணவரைக் கொண்டு 1962இற் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். படித்த வர்க்கம் பாமரர் ஆட்டமென்று ஒதுக்கி வைத்திருந்த கலை பல்கலைக்கழகத்தினுள்ளே மதிப்புடன் புகுந்தது. அது பெருஞ்சாதனை, அதைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியின்மையாகும்.

ஆனால் அச்சாதனைக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. நாற்புறமும் திறந்திருந்த கூத்து, ஒரு புறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குள் புக வேண்டியதாயிற்று. வட்டமாக ஆடியவர்கள் ஒரு திசை நோக்கி ஆடலாயினர். இரவு முழுவதும் நிகழ்ந்தது சில மணி நேரத்துள் அடங்கிற்று. சுற்றியிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் களித்த ஊர், இருளில் அமர்ந்து முன்னவரின் பிடரியைப் பார்க்கும் பார்வையாளர் கூட்டமாயிற்று. இம்மாற்றங்களிற் சில கலைநோக்கிற் செய்யப்பட்டவை. சில மண்டபத்தின் கட்டளைக்குப் பணிந்தவை. பல்கலைக்கழகத்திலே வட்டமாக அமரவல்ல ஒரு மண்டபம் இருந்திருப்பின், இவ்விரண்டையும் பிரித்தறியும் சுதந்திரமாவது கலைஞர்க்குக் கிடைத்திருக்கும்.

சிங்கள நாடகமும் இதே கேள்வியை எதிர்கொண்டது. சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இற் கொழும்பு லயனல் வெண்ட் அரங்கில், படச்சட்ட மேடையிலேயே முதன்முதல் அரங்கேறியது. ஐந்தாண்டுகளின் பின் 1961இல் ‘சிங்ஹபாகு’ பேராதனையின் திறந்தவெளி அரங்கிலே மேடையேறியது. மலைச்சரிவே இருக்கையாகவும் வானமே கூரையாகவும் அமைந்த அவ்விடம் பல தலைமுறை மாணவர்க்குத் தாய்வீடு போலாயிற்று. நிரந்தர மேடை தீயது என்று நாம் வாதிடவில்லை. ஒரே வகை மேடையன்றி வேறொன்றும் இல்லாதிருப்பதே குறை.

அவ்வாறாயின் தேவைக்கேற்ப மாறும் மண்டபத்தை எவ்வாறு பெறுவது? இயந்திரத்தால் பெறலாம் என்று எண்ணியோர் உண்டு. ஜெர்மனியிலே 1927இல் வால்டர் குரோப்பியஸ், இடதுசாரி நாடக நெறியாளரான எர்வின் பிஸ்காட்டருக்காக ‘முழுமை அரங்கு’ ஒன்றைத் திட்டமிட்டார். 2000 பேர் அமரும் அவ்வரங்கிற் சுழலும் தளத்தின் உதவியால் மேடை முன்னாலும் நடுவிலுமாக மாறும். பார்வையாளரும் தளத்தோடு சேர்ந்து சுழல்வர். சிந்தனை மகத்தானது, ஆனால் பணமின்மையால் அது கட்டப்படவேயில்லை. ஏழை நாட்டு மாணவர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. மாற்றத்துக்கு மின்சாரமும் பொறியியலாளரும் தேவைப்படும் மண்டபத்தில் மாற்றம் நிகழாது. பழுதடைந்த முதல் நாளிலேயே அது நிலைத்த மண்டபமாகிவிடும்.

பிரேசிலின் சாவோ பவுலோ நகரிலே லீனா போ பார்டி என்ற பெண் கட்டிடக் கலைஞர் வேறு வழி சென்றார். பழைய பீப்பாய்த் தொழிற்சாலை ஒன்றைத் தொழிலாளரின் ஓய்வு நிலையமாக மாற்றும் பணி 1977இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே சென்றபோது பிள்ளைகள் ஓடி விளையாடுவதையும் குடும்பங்கள் கூடி உண்பதையும் அவர் கண்டார். கட்டிடத்தை இடித்துப் புதிது கட்டும் எண்ணத்துக்கு இடங்கொடாமல், அங்கு ஏற்கெனவே நிகழ்ந்த வாழ்வுக்கு இடமளிப்பதையே தம் பணியாகக் கொண்டார். அரங்கத்தில் மேடையை நடுவில் வைத்து, இருபுறமும் மெத்தையற்ற மர இருக்கைகளை அமைத்தார். 1982இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் வாசிப்போரும் சதுரங்கம் ஆடுவோரும் கண்காட்சி காண்போரும் ஒரே பெருங்கூரையின் கீழ்க் கூடுகின்றனர்.

நம் நகரத்திலோ ‘நவீன மண்டபம்’ என்றாற் குளிரூட்டிய மண்டபம் என்றே பொருளாகிவிட்டது. குளிரூட்டுவதற்காக யன்னல்கள் அடைக்கப்படுகின்றன. மின்கட்டணம் ஏறுகின்றது. கட்டணம் ஏற வாடகையும் ஏறுகின்றது. வாடகை ஏறியதும் மண்டபம் திருமண வீட்டாருக்குரியதாகின்றது. மாணவர் வெளியே நிற்கின்றனர். ஓர் யன்னலை அடைத்ததன் விளைவு ஒரு தலைமுறையின் கலை முயற்சியை அடைப்பதில் முடிகின்றது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டபோது, இத்தகைய மண்டபங்கள் எத்தகைய இருட்குகைகள் என்பதை எல்லோரும் கண்டோம்.

அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி முதற் காலிமுகத்திடலில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்தல் தகும். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையிலுள்ள அவ்வெளியில் இளைஞரும் மாணவரும் கூடாரம் அடித்தனர். நூலகம் தோன்றியது, பொதுச் சமையல் நடந்தது, விரிவுரைகளும் பாடலும் நாடகமும் நிகழ்ந்தன. மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் மாண்டோர் அங்கு நினைவுகூரப்பட்டனர், கஞ்சி வழங்கப்பட்டது. தமிழர் துயரம் தலைநகரின் மையத்திலே சிங்கள இளைஞரின் அருகிருப்போடு பேசப்பட்ட அரிய நாள் அது. அவ்வியக்கத்தின் குறைபாடுகள் பல. அவை வேறிடத்தில் ஆராயப்பட வேண்டியவை. ஆனால் சில தறப்பாள்களும் கம்புகளும் கொண்டு, தமக்கு வேண்டிய பொதுவிடத்தை மாணவர் தாமே ஆக்கிக்கொள்ள வல்லவர் என்பது அங்கு நிரூபணமாயிற்று.

இன்னொரு சோதனையும் உண்டு; அது கசப்பானது. 1958இல் வன்செயல் மூண்டபோது கொழும்புத் தமிழர் றோயல் கல்லூரியில் அகதிகளாய்த் தங்கினர். 1983 யூலையிற் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமானக் கொட்டகையும் அகதி முகாம்களாயின. பாடசாலை மண்டபத்தின் தரையிலே பாய் விரித்துப் படுத்த தாய்மாருக்கு அங்கிருந்த உயர்ந்த மேடையாற் பயனில்லை. எத்தனை மலசலகூடங்கள், எத்தனை தண்ணீர்க் குழாய்கள், பெண்கள் உடைமாற்ற மறைவிடம் உண்டா என்பவையே அன்று கேள்விகளாயின. அத்தகைய நாள் இனி வரலாகாது; அதற்காகவே அரசியல் வேண்டும். எனினும் வெள்ளமும் சூறாவளியும் வரும். எந்தப் பொதுமண்டபமும் ஒருநாள் மக்களின் கடைசிக் கூரையாகலாம் என்பதை மறந்து வரைபடம் வரைபவர் இந்நாட்டு வரலாற்றை அறியாதவரே.

இவற்றிலிருந்து நமக்கு வேண்டிய மண்டபத்தின் உருவம் ஓரளவு தெளிவாகின்றது. தரை முழுவதும் சமமாக இருத்தல் வேண்டும். நிலைத்த மேடைக்குப் பதிலாக, நால்வர் தூக்கி நகர்த்தக்கூடிய ஒன்றரை அடி உயரப் பலகைத் தளங்கள் வேண்டும். அவை ஒரு முனையிலோ நடுவிலோ இடப்படும், வேண்டாதபோது அடுக்கப்படும். நீண்ட இருபுறமும் கதவுகளும், அவற்றுக்கு அப்பால் அகன்ற விறாந்தையும் வேண்டும். மழைக் காலத்திற் கதவைச் சாத்தாமலே காற்று வருவதற்கும், கூட்டம் மிகும்போது மண்டபம் விரிவதற்கும் விறாந்தையே வழி. சமையலறையும் போதிய மலசலகூடங்களும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய களஞ்சிய அறை ஒன்று வேண்டும். கதிரைகளையும் தளங்களையும் ஒதுக்கி வைக்க இடமில்லாத மண்டபம் மாறும் மண்டபமாகாது. செலவைக் குறைக்க முற்படுவோர் முதலில் வெட்டுவது இவ்வறையைத்தான்.

சமதரையிற் பின்னிருப்போருக்கு மேடை தெரியாது, ஒலி எட்டாது என்று மறுப்பர். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 300 பேரை வரிசைக்கு 15 பேராக ஒரு திசை நோக்கி இருத்தினால் 20 வரிசைகள் வேண்டும். வரிசைக்கு 3 அடி எனின் கடைசி மாணவன் 60 அடி தொலைவில் இருப்பான். அதே 300 பேரை 20 அடி விட்டமுள்ள களரியைச் சுற்றி இருத்தினால் 6 அல்லது 7 வரிசைகளே போதும். கடைசி மாணவன் களரியின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 20 அடியில் இருப்பான். நம் அண்ணாவிமார் ஒலிபெருக்கியின்றி ஊரையே கேட்கவைத்ததன் இரகசியங்களில் இதுவும் ஒன்று. முன்வரிசை பாயிலும் அடுத்தவை வாங்குகளிலும் பின்வரிசைகள் கதிரைகளிலுமாக அமர்ந்தாற் பார்வையும் பெரும்பாலும் தடைப்படாது. காலி வீதியின் இரைச்சல் திறந்த கதவுகளால் உள்ளே வரும் என்பது மெய்யான குறை. வீதியைப் பார்த்த பக்கத்திற் களஞ்சிய அறையையும் சமையலறையையும் வைத்தால் அதனைக் குறைக்கலாம். முற்றாக நீக்க முடியாது.

இத்தனையும் அமைந்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது: திறப்பு யாரிடம் இருக்கும்? நகரும் மேடை இருந்தும், அதனை நகர்த்த ஏழு பேரிடம் கையொப்பம் பெற வேண்டுமெனில் அது நகராது. மாலை ஆறு மணிக்குக் காவலாளி பூட்டிவிடும் மண்டபத்தில் எந்த நாடகமும் பழகப்படாது. மாணவரும் மாணவியரும் சம அளவிற் பங்குகொள்ளும் குழுவொன்று அதனை நடத்துதல் வேண்டும். ஒரே கட்சியின் அல்லது ஒரே ஊராரின் கையில் அது சிக்காதிருக்க, பொறுப்பு ஆண்டுதோறும் மாறுதல் வேண்டும். அயலில் வாழும் துறைமுகத் தொழிலாளியின் பிள்ளையும் மாலையில் அங்கு வந்து படிக்க உரிமை வேண்டும். பல்கலைக்கழகம் தன் சுவரினுள்ளே மட்டும் பொதுமையைப் பேசினால் அதை யார் நம்புவர்?

ஆசிரியத் தோழர்களும் மாணவ நண்பர்களும் அடுத்தமுறை ஒரு கூட்டத்துக்குச் செல்லும்போது, பேச்சாளர் பேசி முடிப்பதற்குள் அம்மண்டபத்தைச் சற்று அளந்து பாருங்கள். மேடையை நகர்த்த முடியுமா? யன்னலைத் திறக்க முடியுமா? கதிரைகளை வட்டமாக இட்டால் யார் ஆட்சேபிப்பார்? திறப்பு யாரிடம் இருக்கிறது? விடைகளைக் குறித்துக்கொண்டு வந்து விவாதியுங்கள். நாம் கேட்கும் மண்டபத்தின் முதல் வரைபடம் அவ்விவாதத்திலேயே உருவாகும்.