ஆகுபெயரும் ஆங்கில அணியும்

மலாயாவில் 1917ஆம் ஆண்டு செம்பனை முதன்முதலாக வாணிக நோக்கில் பயிரிடப்பட்ட தோட்டம், கோலசிலாங்கூர் மாவட்டத்துத் 'தென்னமரம்'. மரத்தின் பெயர் ஈண்டு நிலத்திற்கு ஆகிவந்துள்ளது. இஃது ஆகுபெயர் என நம் மாணவர் எளிதிற் கூறுவர். அவரே ஆங்கிலப் பாடத்தில் மெட்டானிமி, சினெக்டகி என்னும் பெயர்களைக் கண்டு மருளுகின்றனர். குறை அவருடையதன்று; பெயரை மட்டும் மனனம் செய்விக்கும் முறையினது.

ஆங்கிலத்தார் இவற்றை அணியாக எண்ணினர். நம் முன்னோரோ சொல்லிலக்கணத்துள் வைத்தனர். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலிலும், பவணந்தியார் பெயரியலிலும் ஆகுபெயரைக் கூறினர். 'தலைக்கு இரண்டு வெள்ளி' என்புழித் தலை, ஆளைக் குறிக்கும் சினையாகுபெயர், இது சினெக்டகி. 'தோட்டமே திரண்டது' என்பது இடவாகுபெயர், இது மெட்டானிமி.

பெயர் பொருத்தியதோடு பாடம் முடிந்துவிடுமோ? டிக்கன்ஸ் 1854இல் வெளியிட்ட 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் ஆலைத் தொழிலாளர் 'கைகள்' எனப்படுகின்றனர். வேலை வாங்குவோர்க்குக் கை போதும், நெஞ்சு வேண்டா என்னும் கொடுமையை அச்சொல்லைக் கொண்டே ஆசிரியர் இடித்துரைக்கின்றார். இதனைச் சினெக்டகி என்றெழுதி மதிப்பெண் பெறுவோர் சொல்லைக் கண்டனரேயன்றிப் பொருளைக் கண்டாரல்லர்.

பால்மரம் சீவியோர் வழிவந்த பிள்ளைகட்கு இதனை விளக்குதல் அரிதன்று. "உன் பாட்டியை வெறுங்கை என்று ஒருவன் கணக்கெழுதினால் பொறுப்பாயா?" என ஆசிரியர் வினவட்டும். அணி எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதை மாணவர் தாமே உணர்வர். பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.